ஒன்பது நாள் கரண்டு

மதுரையில் அந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். இரண்டுக்குள்ளும் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். புள்ளிதான் கட்டி, வட்டம்தான் மார்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது போல. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

முதல் வட்டத்தில் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஒரு கோடு போட்டார். கட்டியை மட்டும், அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிடலாம், அக்குளில் நெறி கட்டும் இடத்தையும் திறந்து பார்க்க வேண்டும், மார்பு இருக்கும் என்றார். ஆனால் புண் ஆறியதும் ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர, தினமும் வந்து கரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் கரண்டு என்றுதான் பெயர். டாக்டரும் அப்படியே சொன்னார். இரண்டாவது வட்டத்தைப் பேனாவால் முழுக்க அடித்தார். அது மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது. அக்குளில் ஒன்றும் பரவாமல் இருந்தால், இவ்வளவு சின்னக் கட்டிக்கு அதன்பிறகு பெரும்பாலும் கரண்டு வேண்டியிருக்காது.

"ரெண்டுல எதைச் செஞ்சாலும் உயிருக்குப் பாதுகாப்பு ஒண்ணுதாம்மா. ஆனா முதல்ல சொன்னதுன்னா கரண்டை விடாம முடிச்சாகணும். முடிக்கலேன்னா அது பாதி வைத்தியம். உங்களால தினமும் வர முடியுமா? எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"முதல்ல சொன்னதே செஞ்சுருங்க டாக்டர். தினமும் வந்துருவாங்க" என்றேன் நான்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் என்னைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தவள் அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்; பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் செக்கிங் வேலை பார்த்தேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வீட்டில் பேங்கு, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் பேசுகிறவள் நான். அக்கா வாயைத் திறக்குமுன் அவள் பெயரையும் வயதையும் நானே சொல்லி முடித்திருப்பேன். "எழுதுனவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாக. எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்திதான்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கட்டியைக் கண்டுபிடித்ததும் நான்தான். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். கை அக்குள் பக்கமாக வழுக்கியபோது விரலில் தட்டியது. அரிநெல்லிக்காய் அளவு, உருட்டினால் நகரவில்லை. "அதுவா, நாலு மாசமா கெடக்கு. வலி ஒண்ணும் இல்ல" என்றாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். மறு வாரமே மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்த்து, கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த டாக்டரின் அறைக்கே திரும்பி வருகிறேன். நான் பதில் சொன்ன பிறகும் டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அக்கா வாயைத் திறந்தாள்.

"முழுசா எடுத்துருங்கம்மா. மிச்சம் வைக்க வேணாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் எங்கிருந்து இந்த வார்த்தையை எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் அவளுக்குப் பதினைந்து வருட வேலை. அங்கே முதல் சட்டம், கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. சாயங்காலம் ரூமை விட்டு இறங்கும்போது ஒரு கை மருந்து மீதி இருந்தாலும் அதை அங்கேயே மூடி வைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று வரக் கூடாது. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், யாரும் தொடாமலே பிடித்துக்கொள்ளும். கொண்டுபோய் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும். மீதியை நல்லது கெட்டது என்று பிரித்துப் பார்க்கிற பேச்சே அங்கே கிடையாது.

"அக்கா, இது என்ன பட்டாசு மருந்தா? டாக்டர் படிச்சிட்டு வந்து ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாக. நீ கம்பெனிக் கதையை இங்கன கொண்டாந்து சொல்லாத" என்று டாக்டர் முன்னாலேயே கடிந்துகொண்டேன். டாக்டரிடம் திரும்பி, "அவங்களுக்குப் பயம், வேற ஒண்ணும் இல்ல" என்று விளக்கம் வேறு சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "இவ சொன்னாச் சரியா இருக்கும்மா" என்றாள். டாக்டர் முதல் வட்டத்தைச் சுற்றி இன்னொரு கோடு போட்டுக் கீழே எதையோ எழுதினார்.

நான் ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவின் நன்மைக்கு என்று மற்றவர்களிடம் சொல்வேன். எனக்குள் வேறு காரணம் இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இதே நோயில் ஒரு பக்கம் முழுக்க எடுத்திருந்தார்கள். அவர் எதிரே வரும்போது எல்லோருடைய கண்ணும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கண்ணும் அங்கேதான் போகும். அக்காவை அப்படி யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அதற்குள் என் உடம்பைப் பற்றிய பயமும் சேர்ந்து கிடந்தது. அக்காவுக்கு அந்தப் பயமே இல்லை. அவளுக்கு இருந்த பயம் வேறு, அதை நான் கேட்கவில்லை.

வைகாசியில் ஆப்பரேஷன் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது. அக்குளில் ஒன்றும் பரவவில்லை என்றார்கள். மார்பில் ஒரு விரல் நீளத் தழும்பும், தொட்டால் சின்னப் பள்ளமும்தான். "பாத்தியா, எங்கயாச்சும் தெரியுதா?" என்று நான் கண்ணாடியை எடுத்து அவள் முன்னால் பிடித்தேன். "நான் எப்ப கண்ணாடி பாத்துருக்கேன்" என்றாள். அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வலிக்குதா என்று. இல்லை என்றதும் லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆடி பிறந்ததும் கரண்டு தொடங்கியது. முதல் வாரம் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். விடியற்காலையில் கிளம்பி, சிவகாசியில் பஸ் மாறி, விருதுநகர் வழியாக மதுரை போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். முதல் நாள் அவள் மார்பில் மையால் கோடுகள் போட்டார்கள். மூலைகளில் கூட்டல் குறிகள். எங்கள் அச்சகத்துப் பாஷையில் சொன்னால் மெஜந்தா, ஊதா கலந்த சிவப்பு. ஆறு வாரமும் அந்தக் குறி அழியக் கூடாது, அங்கே தண்ணீர், மஞ்சள், எண்ணெய் எதுவும் படக் கூடாது என்று சொன்னார்கள்.

எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் லேபிள் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் இதே கூட்டல் குறி இருக்கும். நாலு வண்ணமும் அந்தக் குறியில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் புஸ்வாணப் பெட்டி மேலே இருக்கிற குழந்தைக்கு இரண்டு வாய் வந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்து, தள்ளிய தாளில் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து ஒதுக்குவதுதான் என் வேலை. "உன்னையும் நாலு கலர்ல அடிக்கப் போறாக அக்கா" என்றேன். அவளும் சிரித்தாள்.

கரண்டு வைக்கிற அறை ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. அவளை மேசையில் படுக்க வைத்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த எல்லோரும் வேகமாக வெளியே வந்துவிட்டார்கள். ஒரு முழம் கனமுள்ள கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது, அணைந்துவிட்டது. அக்கா வெளியே வந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"பெஞ்சுலதான்."

"கதவுகிட்ட நில்லுட்டி. கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல நில்லு."

"நீ உள்ள இருந்து கத்துனாலும் வெளிய கேக்காது. சுவரு அம்புட்டுக் கனம்" என்றேன். பெரிய விவரம் சொல்கிற நினைப்பில்தான் அதைச் சொன்னேன். ஆனாலும் மற்ற நான்கு நாளும் கதவை ஒட்டி நின்றேன். அவள் உள்ளே போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள், நான் கையைக் காட்டுவேன். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. தீபாவளி லேபிள் முழுக்க ஆடி ஆவணியில்தான் ஓடும். சீசனில் லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இன்னும் ஐந்து வாரம் வேண்டும் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். போனால் போகட்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அத்தானுக்கும் அந்த மாதங்களில்தான் லோடு அதிகம். "நான் என்ன பச்சப் புள்ளையா? பஸ்ஸு தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். நீ போ" என்றாள் அக்கா. காலையில் சிவகாசி பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாக வருவோம். மதுரை பஸ் நிற்கிற பக்கம் அவளை விட்டுவிட்டு நான் அச்சகத்துக்கு ஓடுவேன். அவள் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒரே நேரத்துக்கு வீடு திரும்புவாள். "ஆச்சா?" என்பேன். "ஆச்சு" என்பாள். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், அவள் சேலை மாற்றும்போது மார்பிலிருந்த குறி கண்ணில் பட்டது. நிறம் மாறியிருந்தது. மெஜந்தாவாக இருந்தது நல்ல சிவப்பாகியிருந்தது. தினமும் பத்து மணி நேரம் நிறம் பார்க்கிற கண்ணுக்கு அது தப்பவில்லை. குறியும் பழைய இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளி இருப்பதுபோலத் தோன்றியது.

"ஏன் கலரு மாறியிருக்கு?"

"ஆஸ்பத்திரியில அந்த மை தீந்து போச்சாம். வேற மை போட்டு விட்டாக."

நான் ஒத்துக்கொண்டேன். சீசனில் எங்களுக்கும்தான் மை தீர்ந்துபோகும். அதே வாரத்தில் என் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் காணோம் என்று கூட வேலை பார்த்த பெண்ணிடம் சண்டை போட்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று அச்சகத்தில் எனக்குப் பெயர் உண்டு.

ஆடி கடைசி வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அக்கா கையில் திருநீறும் வேப்பிலையுமாக வந்தாள். வருகிற வழியில் சாத்தூர் போய் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். மதுரைக்கும் போய் இருக்கன்குடிக்கும் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியுமா என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. அதற்குள் அவள் திருநீறை என் நெற்றியில் பூசிவிட்டாள். ஆவணி பாதியில் எல்லாம் முடிந்தது என்றாள். தினமும் ஒரு மாத்திரை போடச் சொல்லியிருந்தார்கள், அதை மறக்காமல் போட்டாள். செக்கப்புக்கு எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டால், "வருசம் கழிச்சு வந்தாப் போதும்னுட்டாக" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வருஷம் முடிவதற்குள் தழும்பின் ஓரத்தில் தடித்தது. இம்முறை அவளே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கூடவே இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் குத்துகிறது, லோடு தூக்கினவள்போல் வலிக்கிறது என்றாள்.

அதே டாக்டரம்மா. பழைய பைலை எடுத்து வரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒன்பது நாள் கரண்டு வச்சிருக்காங்க. அப்புறம் வரவே இல்லையே, ஏம்மா?" என்று கேட்டார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முப்பது நாளில் ஒன்பது நாள். அக்கா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வைத்து அவளைக் கத்தித் தீர்த்தேன். நாலு பேர் நின்று பார்த்தார்கள். உனக்கு அறிவிருக்கிறதா, உயிரோடு விளையாடுவதா, என்னை ஏன் முட்டாளாக்கினாய் என்று என்னென்னவோ கேட்டேன். நோயில் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் மூச்சு வாங்க நிறுத்துகிற வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள்.

"எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல்" என்று தொடங்கினாள். "வேலை நேரத்துல ஒரு கதவைச் சாத்துனாலும் போர்மேன் வேலையை நிப்பாட்டிருவாரு. ஒண்ணுன்னா எந்தப் பக்கமும் ஓடணும்ல. உள்ள மருந்து அடைக்கிறவ ஒருத்திதான். வெளிய மரத்தடியில உக்காந்து திரி வைக்கிறவ அப்பப்ப 'இருக்கியா?'ன்னு குரல் குடுப்பா. நான் 'இருக்கேன்'னு சொல்லுவேன். பதினஞ்சு வருசமா அப்படித்தான். அந்தக் குரலு வந்தாத்தான் கை நடுங்காம மருந்து அள்ள முடியும். இங்கன என்னன்னா, என்னையப் படுக்க வச்சிட்டு அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுறாக. கதவைச் சாத்திருறாக. அவுகளே நிக்கப் பயந்து ஓடுற எடத்துல நான் எப்படிக் கெடப்பேன் சொல்லு?"

"அஞ்சு நாள் கெடந்தியே?"

"நீ கதவுகிட்ட நின்னியே" என்றாள்.

அப்புறம் நாலு நாள் தனியாகப் போயிருக்கிறாள். ஒன்பதாவது நாள் அந்த இடம் சிவந்து, தொட்டால் காந்தலாக இருந்திருக்கிறது. அவள் தீப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். முன்பு ஒரு தரம் பக்கத்து ரூம் வெடித்தபோது, ஒரு பெண்ணை வாழை இலையில் கிடத்தித் தூக்கிய நாலு பேரில் அவளும் ஒருத்தி. தோல் சிவந்ததும் அவள் அந்தக் கணக்கைத்தான் போட்டாள். இத்தனை வருடம் பட்டாசுப் பவுடர் ஊறிய உடம்பு, உள்ளே சூட்டை ஏற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. சிரிக்க ஒன்றும் இல்லை. சூடும் மருந்தும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்பதை வைத்துத்தான் அவள் பதினைந்து வருடம் உயிரோடு வீடு திரும்பினாள்.

பத்தாவது நாளிலிருந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நிற்கிற பக்கத்தை விட்டு நகர்ந்து சாத்தூர் பஸ் ஏறியிருக்கிறாள். இருக்கன்குடியில் நோய் தீர வந்து தங்கிக் கிடக்கிற பெண்களோடு மண்டபத்தில் உட்கார்ந்து, ஈரத்துணி போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறாள். சூடு தணிய ஆத்தாளை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு. அம்மை கண்டால் அதைத்தானே செய்கிறோம். மஞ்சளில் குறி கரைந்து போனதும் என் பேனாவை எடுத்துத் திரும்பப் போட்டிருக்கிறாள். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்துப் போட்டதால் ஒரு நூல் தள்ளிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் பாய்ந்தேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்று தலையை ஆட்டினார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கத்துவேன்னு அவ சொல்ல வேணாம்னுட்டா" என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் என்ன கேட்பது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று பிறரைச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பில் மூன்று இடத்தில் இறங்கியிருந்தது. டாக்டர் மறுபடியும் வட்டம் வரையவில்லை. வரைந்து காட்ட ஒன்றும் இல்லை. இனி இதை அடியோடு தீர்க்க முடியாது, தழும்பில் இருப்பது உடைந்து புண்ணாகாமல் இருக்க மார்பை எடுத்துவிடலாம், வலி குறைய முதுகுக்குப் பத்து நாள் கரண்டு வைக்கலாம் என்றார். இரண்டும் வேண்டாமென்றாலும் சரி, மாத்திரையால் முடிந்தவரை வலியைப் பார்த்துக்கொள்வோம் என்றார். என்ன செய்யலாம் என்று என்னைத்தான் கேட்டார். போன தடவை முடிவு சொன்னவள் நான்தானே.

"அவங்களைக் கேளுங்க டாக்டர்" என்றேன்.

"எடுத்துருங்கம்மா" என்றாள் அக்கா. ஒரு வருடத்துக்கு முன்பு சொன்ன அதே குரல்தான். "கரண்டும் வைங்க. ஆனா இவ கூட வரணும்."

அன்றைக்கு அவள் சொன்னதை நான் குறுக்கே அடிக்காமல் விட்டிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் பயத்துக்கும் அவள் பிழைப்புக்கும் பொருந்திய வைத்தியம் அந்த இரண்டாவது வட்டத்தில் இருந்தது. அதைத்தான் அவள் கையை நீட்டிக் கேட்டாள். என் வைத்தியமும் தப்பானதில்லை, முப்பது நாள் அவளோடு போகிறவளுக்கு. நான் போகவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்; என் விஷயத்தில் கெட்டது அவளுடைய கண்.

மார்பை எடுத்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று கையால் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரூமைக் கூட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

முதுகுக்குக் கரண்டு வைக்கிற பத்து நாளுக்கு லீவு கேட்டேன். மேனேஜர் முகத்தைத் தூக்கினார், நான் வேலையை விட்டுவிட்டேன். ஒரு வருடத்துக்கு முன்பு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த காரியம், ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்ததோடு முடிந்துபோனது.

முதல் நாள் அதே கதவு, அதே சிவப்பு விளக்கு. வெளியே சின்ன அறையில் டிவி பெட்டியில் அக்கா படுத்திருப்பது தெரிந்தது. மெஷினை இயக்குகிற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இப்படி ஒரு வழக்கம், அவளுக்குக் குரல் வேண்டும் என்றேன். அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் மேசை மேலிருந்த மைக்கை என் பக்கம் நகர்த்தி, "இதை அமுக்கிட்டுப் பேசுங்க, உள்ள கேக்கும். அவங்க பேசுறதும் இங்க கேக்கும்" என்றாள். அந்த மைக் சென்ற வருடமும் அங்கேதான் இருந்ததா என்று கேட்டேன். "எப்பவும் இங்கதான்க்கா இருக்கு" என்றாள்.

கதவு மூடியது. டிவியில் அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடிப்பது தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன்.  நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

அவள் கை விளிம்பை விட்டது. விளக்கு அணையும்வரை அசையாமல் கிடந்தாள். "முடிஞ்சதுக்கா, ரெண்டு நிமிஷம்கூட ஆகல" என்றாள் அந்தப் பெண்.

பத்து நாளும் அப்படித்தான் நடந்தது. பத்து நாளும் அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். முதுகு வலி கொஞ்சம் விட்டது. தைப்பொங்கலுக்கு எழுந்து உட்கார்ந்தாள், மாசி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். தலைமாட்டில் நான் இருந்தேன், அவள் இருக்கியா என்று கேட்கவில்லை. முதல் தடவை கரண்டு வைத்தபோதும் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் அந்தக் கதவருகில் நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. முப்பது நாளில் ஐந்து நாள் நின்றுவிட்டு, இருபத்தைந்து நாள் மிச்சம் வைத்துவிட்டேன்.